ரிமோட் ஷட்டர்: தலைக்கு மேல் தொங்கும் எடையும் கைக்கு வராத பில்லும்

விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டுப் பக்கமும், திண்டிவனத்தில் மரக்காணம் சாலை, செஞ்சி சாலைப் பக்கமும் இப்போது எழும்பும் பல வீடுகளில் கீழ்த்தளம் வண்டிகளுக்கு, குடியிருப்பு மாடியில். முகப்பை மூட ரோலிங் ஷட்டர் போடுகிறார்கள். இடம் நீளமாக இருந்தால் பக்கவாட்டில் நகரும் இரும்பு கேட். கடைக்கு மட்டும் என்றிருந்த ஷட்டர் வீட்டுக்கு வந்தபோது, மோட்டாரும் ரிமோட்டும் அதோடு சேர்ந்தே வந்தன. சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அம்மா அப்பா குனிந்து ஷட்டர் தூக்க வேண்டாமே என்று இதைப் போட்டுத் தருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பத்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள சாதாரண இரும்பு ஷட்டரின் திரை மட்டுமே ஏறக்குறைய நூறு கிலோ இருக்கும். அது இறங்கும் வழியில் ஆள் நிற்பது மோட்டாருக்குத் தெரியாது. தெரியவைக்கும் கருவியைத் தனியே பொருத்தினால்தான் தெரியும்.

எஸ்டிமேட்டில் விலையைக் குறைக்கச் சொன்னால் முதலில் அடிபடுவது அந்தக் கருவிதான். அடுத்து அடிபடுவது ஜி.எஸ்.டி. பில். இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய், பழுது வரும் நாளில் வீட்டுக்காரரை ஆபத்திலும் நிறுத்துகிறது, ஆதாரம் இல்லாமலும் நிறுத்துகிறது. 

நின்றுபோன ஷட்டரில் நீங்களே பார்க்கக்கூடியவை

ஷட்டர் நகரவில்லை என்றதும் ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதை முதலில் நிறுத்துங்கள். மோட்டார் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு சுழலாமல் நிற்கிறதென்றால், பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கும். அல்லது ஷட்டர் எங்கோ சிக்கியிருக்கும். அந்த நிலையில் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் காயில் கருகும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை மோட்டாரையே மாற்றும் செலவாகிவிடும்.

சத்தமே இல்லையென்றால் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ஷட்டருக்கென்று தனி எம்.சி.பி. இருந்தால் அது விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒருமுறை ஏற்றலாம். மறுபடியும் விழுந்தால் ஏற்றவே கூடாது. உள்ளே ஷார்ட்டோ கசிவோ இருக்கிறது என்று அது சொல்கிறது. கரண்ட் இருந்தும் ரிமோட் கேட்கவில்லை என்றால் சுவரில் உள்ள சுவிட்சை அழுத்துங்கள். சுவிட்சுக்கு நகர்கிறது, ரிமோட்டுக்கு நகரவில்லை என்றால் பழுது மோட்டாரில் இல்லை. ரிமோட் பேட்டரியிலோ ரிசீவரிலோ இருக்கிறது. பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் நல்ல மோட்டாரைக் கழற்றி விலை பேசுபவர்களிடம் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: ஒருவேளை மோட்டார் சூடாகி நின்றிருக்கலாம். வீட்டு ஷட்டருக்குப் போடும் சிங்கிள் பேஸ் மோட்டார்களில் பல, தொடர்ந்து நான்கைந்து நிமிடம் ஓடினாலே உள்ளிருக்கும் வெப்பக் காப்பு வேலை செய்து நின்றுவிடும். விசேஷ நாளில் பத்து முறை ஏற்றி இறக்கிய பிறகு நின்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பழுது இல்லாமலே கூட இருக்கலாம்.

இறங்கிப் பாதியில் திரும்பி மேலே போகிறதென்றால் எரிச்சல் வேண்டாம். பாதுகாப்புக் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். இருபுறமும் தரையை ஒட்டி உள்ள மின்கண்ணில் தூசியோ சிலந்தி வலையோ படிந்திருக்கும், அல்லது சைக்கிள் இடித்துக் கண் திரும்பியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து நேராக்கினால் போதும். அதன் வயரைப் பிடுங்கி, கண் இல்லாமலே ஓடும்படி இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். கைடு சேனலில் கல்லோ குப்பையோ அடைத்திருந்தால், மெயினை அணைத்துவிட்டு எடுக்கலாம். மரக்காணம் உப்பளங்களின் பக்கம் இருப்பவர்களுக்குத் துரு கூடுதல் தொல்லை. தகட்டின் கீழ்ப்பட்டியும் கைடும்தான் அங்கே முதலில் அரிக்கும்; மழைக்காலத்துக்கு முன்பே அவற்றைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

மேலே நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் டிரம்மோடு இழுபடுகிறதா, கீழே தரையைத் தொட்ட பிறகும் மோட்டார் ஓடித் தகடுகள் மடிகின்றனவா? லிமிட் சுவிட்ச் தவறிவிட்டது. அப்படியே மெயினை அணைத்து, யாரும் அடியில் போகாதபடி கயிறோ நாற்காலியோ வைத்து வழியை மறித்துவிட்டு மெக்கானிக்குக்குக் காத்திருங்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

ஸ்பிரிங். ரோலிங் ஷட்டரில் அது மேலே உருளைக்குள் சுருட்டி இருக்கும். ஷட்டரின் எடையைத் தாங்குவதற்காக முறுக்கி ஏற்றிய விசை முழுவதும் அதற்குள் இருக்கிறது. பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்திய நொடியில் அந்த விசை விடுபட்டு ஸ்பேனரைக் கையோடு வீசும். ஏணியில் நின்றுகொண்டு செய்பவர் தூக்கி எறியப்படுவார். யூடியூப் பார்த்து வீட்டில் செய்யும் வேலை இதில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் எல்லோரும் செய்யத் தெரிந்த வேலையும் இல்லை.

கரண்ட் இல்லாதபோது திறக்கச் சங்கிலியோ, சாவி போட்டுத் திருப்பும் கிளட்ச்சோ இருக்கும். மெயினை அணைத்த பிறகே அதைத் தொட வேண்டும். கையில் சங்கிலி இருக்கும்போது கரண்ட் வந்து மோட்டார் ஓடினால் விரல் போய்விடும். ஷட்டர் பாதியில் தொங்கும்போது கிளட்ச்சை விடுவிக்காதீர்கள். பிரேக் தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ மொத்த எடையும் அப்படியே கீழே வரும்.

நகரும் கேட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூலை இறுதியில் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வாடில், தள்ளி மூடிய இரும்பு கேட் சாய்ந்து விழுந்து அங்கே விளையாடிக்கொண்டிருந்த சிறு பெண் குழந்தை இறந்தது. அது மோட்டார் வைத்த கேட் அல்ல, கையால் தள்ளுவதுதான். கேட் ஓடும் தடத்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்து வெல்டு செய்ய வேண்டும். மேலே தாங்கிப் பிடிக்கும் வழிகாட்டி உருளைகள் உறுதியாக இருக்க வேண்டும். இவை இல்லாமல் மோட்டார் வைத்தால், யாரும் தொடாமலே கேட் தடத்தை விட்டுப் போகும். ஒரு பட்டறையில் அரை நாள் வேலை இது. தள்ளிப்போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அமெரிக்காவில் வண்டிக் கொட்டகைக் கதவுகளில் குழந்தைகள் நசுங்கி இறந்தது தொடர்ந்ததால் 1990-ல் சட்டமே இயற்றினார்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டு மோட்டார்கள் அந்தப் பாதுகாப்பு விதிக்கு உட்பட்டவை. இறங்கும் கதவு எதிலாவது இடித்தால் இரண்டு நொடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். அதற்கு மேல் மின்கண் அல்லது விளிம்பு உணரி போன்ற இரண்டாவது காப்பும் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் இவை 'எக்ஸ்ட்ரா' என்ற பட்டியலில் இருக்கின்றன. எக்ஸ்ட்ரா என்று ஒதுக்காமல் கேட்டு வாங்குங்கள்: மின்கண், ஷட்டர் தடதடவென்று விழாமல் பிடிக்கும் சேஃப்டி பிரேக், கரண்ட் இல்லாதபோது திறக்கும் வழி. ஷட்டர் தகடும் ஸ்பிரிங்கும் உலோக ரோலிங் ஷட்டருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6248-ன்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மாதம் ஒருமுறை சோதிக்கலாம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையை நடுவில் தரையில் படுக்கவைத்து ஷட்டரை இறக்குங்கள். தள்ளி நின்று, விரல் நிறுத்தும் பட்டன் மேல் இருக்கட்டும். கட்டையைத் தொட்டதும் திரும்பி ஏறினால் நல்லது. நசுக்கிக்கொண்டு நின்றால் உங்கள் ஷட்டரில் அந்தக் காப்பு இல்லை. அதைப் பொருத்தும் வரை ஷட்டர் முழுதாக மூடுவதைக் கண்ணால் பார்க்காமல் ரிமோட்டை அழுத்தாதீர்கள். ரிமோட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டாதீர்கள்.

தண்ணீரும் கரண்டும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் பெய்த மழை 50 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தாழ்வான தெருக்களில் வெள்ளம் வீடுகளுக்குள் நுழைந்தது. நகரும் கேட்டின் மோட்டார் தரையில் சிறு கான்கிரீட் மேடையில் உட்காரும் பொருள். கால் முட்டி அளவு தண்ணீர் வந்தாலே அது மூழ்கிவிடும். புதிதாகப் போடுபவர்கள் மேடையை உயர்த்துங்கள். கன்ட்ரோல் பெட்டியை நெஞ்சு உயரத்தில் சுவரில் வையுங்கள். மூழ்கிய மோட்டாரை, தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்ப்பது ஆபத்து. எலக்ட்ரீஷியன் பிரித்து உலர்த்தி, கசிவு இல்லை என்று சோதித்த பிறகே இணைப்பு.

ஷட்டரும் கேட்டும் முழுக்க இரும்பு. மழையில் நனைந்த கையோடு, சில நேரம் வெறுங்காலோடு, அதைப் பிடித்துத் தள்ளுகிறோம். ஆகவே எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத ஷட்டர் மோட்டாரை மின் இணைப்பு தரக் கூடாத மோட்டாராகவே கருத வேண்டும். வயரிங்கை மின் உரிமம் பெற்றவரை வைத்துச் செய்யுங்கள். ஷட்டர் போட வந்தவர் வாசல் விளக்கின் பாயின்டிலிருந்து இழுத்துக் கொடுப்பது வயரிங் ஆகாது. யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் மெயினை அணைத்த பிறகே ஆளைத் தொடுங்கள், பிறகு 108.

அடிக்கடி வோல்டேஜ் குறைந்து மோட்டார் பழுதாகிறதென்றால் அது உங்கள் வீட்டுக் குறை மட்டும் அல்ல. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சரிசெய்யாவிட்டால் மின் பகிர்மான வட்ட அளவில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு.

வீட்டுப் பாதுகாப்பில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்று பற்றி. மாடிப்படி ஷட்டருக்கு உள்ளே தொடங்கும் வீடுகளில், ஷட்டர்தான் ஒரே வழி. இரவில் கரண்ட் போய், கீழே நிறுத்திய வண்டியில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? ஷட்டரில் சிறு ஆள் கதவோ, பக்கத்தில் தனி வாசலோ கட்டாயம் வேண்டும். கட்டும்போதே பொறியாளரிடம் சொல்லுங்கள். கட்டி முடித்திருந்தால், சங்கிலி இழுத்துத் திறக்க வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, தெரிந்திருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். ஷட்டரை மூடிக்கொண்டு வண்டியின் இன்ஜினை ஓடவிடுவதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பில்லும் ஆணையமும்

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருள்களிலிருந்து காக்கப்படுவதை நுகர்வோரின் உரிமைகளில் முதலாவதாக வைக்கிறது. ஷட்டர் விஷயத்தில் இது வெறும் வாசகம் அல்ல. மோட்டார் பொருள்; பொருத்துவது சேவை. பொருளில் குறை இருந்தாலும், பொருத்தியதில் குறை இருந்தாலும் புகார் செய்யலாம். எச்சரிக்கையும் பயன்பாட்டு விளக்கமும் தராமல் பொருத்திவிட்டுப் போனதால் அடிபட்டால், சேவை தந்தவருக்கும் பொறுப்பு உண்டு.

நம் சந்தையில் பல மோட்டார்களின் பெட்டியில் தயாரித்தவர் பெயரே இருக்காது. 'சைனா சார், கம்பெனிக்காரனை எங்கே தேடுவது' என்பார்கள். தேட வேண்டாம். தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அந்தப் பொருளால் விளைந்த தீங்குக்கு விற்றவரே பொறுப்பு என்று இச்சட்டத்தின் 86-வது பிரிவு சொல்கிறது. ஆனால் 87-வது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். தீங்கு நேர்ந்தபோது பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது பொறுப்புச் சுமத்த முடியாது. மின்கண்ணின் வயரைத் துண்டித்தவர், ஸ்பிரிங்கைத் தாமே முறுக்கியவர், தன் வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்கிறார். வாரண்டி காலத்தில் வேறு ஆளை வைத்துப் பிரிக்கும் முன், விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

பில் தர மறுப்பது அச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. 'பில் போட்டால் 18 சதவீதம் கூடும்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். மோட்டாரின் மாடல், வரிசை எண், வாரண்டி காலம், பொருத்திய தேதி நான்கும் பில்லில் இருக்கட்டும். ஏற்கெனவே பில் இல்லாமல் வாங்கிவிட்டவர்கள் கைவிட்டுவிடத் தேவையில்லை. துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட், கூகுள் பே ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது, பொருத்தும்போது எடுத்த படம் எல்லாமே ஆதாரமாகும். அழித்துவிடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்காரர்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இது. விழுப்புரத்தில் இருப்பவர் புதுச்சேரியில் ஷட்டர் மோட்டார் வாங்குவார். திண்டிவனத்தில் இருப்பவர் சென்னையில் ஆர்டர் கொடுப்பார். இருவருமே ஆன்லைனிலும் வாங்குவார்கள். பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே போடலாம். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், புதுச்சேரிக் கடைக்காரரையும் சென்னை நிறுவனத்தையும் நிறுத்தலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பது உங்கள் விருப்பம். இணையம் வழியாக இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். மெக்கானிக் 'அடுத்த வாரம் வரேன்' என்று இழுத்தடிப்பதை நம்பி அதைத் தாண்டவிடாதீர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து நடத்தும் சிறு கடைக்குச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. ஒற்றை ஷட்டர் கடை வைத்திருப்பவர் அதைச் சுயதொழில் என்று புகாரில் தெளிவாக எழுத வேண்டும்.

முதலில் விற்றவருக்கும் பொருத்தியவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்று முதல் என்ன பழுது, என்ன வேண்டும்: சரிசெய்து தருவதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கும் வாய்ப்பு அதில் உண்டு. பழுதை வீடியோ எடுங்கள். இன்னொரு மெக்கானிக் பார்த்தால் அவர் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள்; விற்றவர் மறுத்தால் நிபுணரை வைத்துச் சோதிக்கும்படி ஆணையத்தைக் கேட்கலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தள்ளிப்போகலாம், ஆனால் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. தீர்ப்பு வந்தும் பணம் தராதவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எழுத உதவி வேண்டுவோர் விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு உங்கள் ஷட்டரின் பில்லைத் தேடி எடுங்கள்; இல்லையென்றால் போட்டவரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள்.